அமலிக்கு வைத்த தண்ணீர்

ஓசூர்
25 ஜூன் 2025

அண்ணனுக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. ஞாயிற்றுக்கிழமைதான் பார்த்தேனே, நன்றாகத்தான் இருக்கிறீர்கள்.

உங்கள் நம்பரையும் அண்ணி நம்பரையும் பிளாக் செய்துவிட்டேன். போனில் பேசினால் நான் கத்துவேன். நீங்கள் வாயைத் திறக்க மாட்டீர்கள். அதைக் கேட்டால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வரும். காகிதத்தில் கத்த முடியாது என்பதால் எழுதுகிறேன்.

அமலியின் கல்லறையில் இருந்ததையெல்லாம் யாரைக் கேட்டு எடுத்தீர்கள்?

எனக்கு மாதத்தில் ஒரு ஞாயிறுதான் ஊருக்கு வர முடிகிறது. ஓவர்டைம் போட்டுவிட்டால் அதுவும் இல்லை. நிஜப் பூ வைத்தால் மறுநாளே கருகிவிடும். அதனால்தான் கடை கடையாக ஏறி, அவளுக்குப் பிடித்த நீல நிறத்தில் அந்தப் பிளாஸ்டிக் மலர் வளையத்தை வாங்கினேன். நான் இல்லாத நாளிலும் என் பெண் தலைமாட்டில் ஒரு நிறம் இருக்கட்டும் என்று நினைத்தேன்.

அதுகூடப் போகட்டும். அந்தத் தம்ளர் எங்கே? முயல் காது வைத்த மஞ்சள் தம்ளர். அதில் ஊற்றினால்தான் பால் குடிப்பாள் என்று உங்களுக்கா தெரியாது? நானும் அவரும் இங்கே ஷிஃப்டில் கிடந்தோம். ஐந்து வயது வரை அவள் உங்கள் வீட்டில்தானே வளர்ந்தாள், அங்கேதானே காய்ச்சலில் விழுந்தாள். ஞாயிறு பூசை முடிந்ததும் அந்தத் தம்ளரில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றுங்கள் என்று கேட்டபோது, மறுபேச்சில்லாமல் சரி என்றீர்கள். ஒன்றரை வருஷம் ஊற்றவும் செய்தீர்கள்.

இப்போது ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டதற்கு அத்தனை பேர் முன்னால் என்ன சொன்னீர்கள்? "போர்டு போட்டிருக்குது பாரு ஜோஸ்பின். கல்லறைத் தோட்டத்துல பிளாஸ்டிக் வெக்கக் கூடாது. ஊருக்கு ஒரு சட்டம், என் தங்கச்சிக்கு ஒரு சட்டமா?"

போர்டைப் பார்த்தேன். பங்குக் கோவிலும் ஊராட்சியும் சேர்ந்து வைத்தது. பச்சைப் பெயிண்ட் இன்னும் பளபளக்கிறது. அது காய்வதற்குள் உங்களுக்குக் கிடைத்தது என் பெண்ணின் கல்லறைதானா?

தம்ளரை எடுத்த இடத்தில் வையுங்கள்.

ஜோஸ்பின்


2 ஜூலை 2025

ஜோஸ்பினுக்கு,

கடிதம் வந்தது. "ஓசூர்லருந்து லெட்டருங்களா, கோர்ட்டு நோட்டீசுன்னு நெனச்சுட்டேன்" என்றார் போஸ்ட்மேன். பிரித்துப் படித்தால் கிட்டத்தட்ட அதுதான்.

அமலி கல்லறையை மட்டும் தொடவில்லை. எல்லாவற்றிலிருந்தும் எடுத்தோம். முதலில் எடுத்தது நம் அப்பா கல்லறையில் நான் போட்ட மாலையைத்தான்.

போன வருஷம் கல்லறைத் திருநாள் முடிந்து மழை பிடித்துக்கொண்டதே, ஊரார் வைத்த வளையமும் மாலையும் அப்படியே அடித்துக்கொண்டு போய்ப் பக்கத்து ஏரியில் சேர்ந்துவிட்டன. கிருஷ்ணப்பன் வலை போட்டால் மீனுக்கு முன்னால் ரோஜாப்பூ வருகிறது. "உங்க சாமி எனக்குல்ல பூசை பண்ணுது" என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே அறுந்த வலையை என் காலடியில் போட்டுவிட்டுப் போனார். எனக்கு மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அரசாங்கம் பாலிதீன் பையைத் தடை செய்து ஆறு வருஷம் ஆகிறது. கடைக்காரர் மேசைக்கு அடியிலிருந்து எடுத்துக் கொடுக்கிறார், நாமும் வாங்கிக்கொண்டுதான் வருகிறோம். எங்கள் வீட்டில் மஞ்சப்பை மாட்ட வாசலிலேயே ஆணி அடித்திருக்கிறேன். ஆணியில் பை தொங்குகிறது, உன் அண்ணி கவரோடு வருகிறாள். சட்டம் போடுபவர்கள் போட்டுவிடலாம். அது ஒருவருடைய கைப்பழக்கம் ஆவதற்குள் நமக்குத் தாடி நரைத்துவிடும்.

அமலி போன பிறகுதான் இந்த ஊராட்சி வேலைக்கு வந்தேன். குப்பையைப் பிரித்துப் போடச் சொல்வது, வீடு வீடாகப் போய்த் தேங்கிய தண்ணீரைக் கொட்டுவது. கவிழ்த்துக் கவிழ்த்து எனக்குக் 'கொட்டாங்குச்சி ஆனந்து' என்றே பெயர் வைத்துவிட்டார்கள். ஊருக்குச் சொல்பவன் தன் வீட்டில் செய்யாவிட்டால் எவன் மதிப்பான்?

தம்ளர் பத்திரமாக இருக்கிறது. உன் அண்ணி கழுவித் துடைத்து, பீரோவில் அமலியின் கவுன்களோடு வைத்திருக்கிறாள். வந்து எடுத்துக்கொள். கல்லறையில் மட்டும் வேண்டாம்.

அன்றைக்குச் சாப்பிடாமல் போய்விட்டாய். உனக்காகக் கோழி அடித்திருந்தாள். யாரும் தொடவில்லை.

மரிய ஆனந்த்


ஓசூர்
12 ஜூலை 2025

அண்ணனுக்கு,

ஏரியில் ரோஜாப்பூ வந்த கதை நன்றாக இருக்கிறது. என் கதையையும் கேளுங்கள்.

எங்கள் கம்பெனிக்கு வரும் ஒவ்வொரு பார்ட்டும் ஒரு கவருக்குள் வருகிறது. அதை இன்னொரு கவரில் போட்டுத்தான் அனுப்புகிறார்கள். கிழித்துக் கிழித்துப் போட்டால் ஷிஃப்ட் முடிவதற்குள் என் இடுப்பு உயரத்துக்குக் குவிந்துவிடும். லாரி வந்து அள்ளிக்கொண்டு போகும். அது போகிற இடத்தில் யாரும் பச்சைப் பெயிண்டில் போர்டு வைப்பதில்லை. நாட்டில் இத்தனை நடக்க, என் பெண்ணின் ஒரு தம்ளர்தான் ஏரியைக் கெடுத்துவிட்டதா? குனிந்து நிற்பவர்கள் முதுகில்தான் உங்கள் சட்டம் ஏறுமா?

சேலம் ஆஸ்பத்திரியில் அந்தக் கடைசி இரண்டு நாளை நீங்கள் மறந்துவிட்டீர்கள் போலிருக்கிறது. டெங்கு முற்றிவிட்டது என்றார்கள். "மாமா தண்ணி, மாமா தண்ணி" என்று அவள் உங்களைத்தான் கேட்டாள். பெற்றவள் பக்கத்தில் நிற்கிறேன், என்னைக் கேட்கவில்லை. உடம்பில் நீர் கோத்திருக்கிறது, அளந்துதான் தர வேண்டும் என்றார் டாக்டர். சரியாகத்தான் சொல்லியிருப்பார். பஞ்சை நனைத்து உதட்டில் வைத்தோம். அந்த உதடு பஞ்சை விடாமல் கவ்விக்கொண்டதே அண்ணா.

என் பெண் தாகத்தோடு போனாள். அதனால்தான் அந்தத் தண்ணீர். மண்ணுக்குள் இருப்பவளுக்குத் தாகம் எடுக்காது என்று எனக்கும் தெரியும். தெரிந்துதான் வைக்கிறேன். அதை வைத்துவிட்டு வந்தால்தான் என்னால் ஒரு மாதம் மெஷின் முன்னால் நிற்க முடிகிறது.

வளையம் வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன். தண்ணீரை ஏன் நிறுத்தினீர்கள்? பிளாஸ்டிக் என்பதுதான் காரணமா? வேறு ஏதாவது இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். இல்லையென்றால் திங்கட்கிழமை மனுநாளில் கலெக்டர் முன்னால் போய் நிற்பேன். உங்கள் வேலைக்கு ஏதாவது ஆனால் என்னைக் குற்றம் சொல்லக் கூடாது.

ஜோஸ்பின்


24 ஜூலை 2025

ஜோஸ்பினுக்கு,

பிளாஸ்டிக்தான் காரணம். வேறு ஒன்றும் இல்லை.

மனு கொடுப்பதென்றால் கொடு. உன்மேல் கோபப்பட மாட்டேன்.

கம்பெனிக் கவரைப் பற்றி எழுதியிருந்தாய். நீ சொல்வது நியாயம். அந்த லாரியை நிறுத்த எனக்கு அதிகாரம் கிடையாது. இந்த ஏரி என் கைக்கு எட்டுகிறது, அவ்வளவுதான்.

ஆஸ்பத்திரியை நான் மறந்துவிட்டேன் என்று மட்டும் இன்னொரு தடவை எழுதாதே.

அமலி கல்லறையின் கால்மாட்டில் ஒரு நந்தியாவட்டைச் செடி வைத்திருக்கிறேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து அதற்கு ஒரு குடம் ஊற்றுகிறேன். அந்தத் தண்ணீர் மண்ணுக்குள்தானே போகிறது. அவளிடம்தான் போய்ச் சேரும். இப்படி நினைத்துப் பாரேன்.

ஆனந்த்


(அஞ்சலட்டை)
13 ஆகஸ்ட் 2025

ஜோஸ்பினுக்கு,

சாலம்மாள் வீட்டு ஆடு செடியைத் தின்றுவிட்டது. வேறு வைத்து, கல்லறையைச் சுற்றி முள் வெட்டிப் போட்டிருக்கிறேன். முள்ளுக்கு வெளியே நின்றே தண்ணீர் ஊற்றிவிடலாம். நீ பதில் போடவே இல்லையே.

ஆனந்த்


ஓசூர்
11 செப்டம்பர் 2025

அண்ணனுக்கு,

எட்டாம் தேதி மாதா திருநாளுக்கு வந்திருந்தேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. கூட்டத்தில் அண்ணி என்னைப் பார்த்தார்கள், நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அவர்களிடம் நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது.

செடியில் இரண்டு மொட்டு இருக்கிறது. உங்கள் முள் என் கையைக் கிழித்துவிட்டது.

மனு கொடுக்கவில்லை. கொடுக்கவும் மாட்டேன். பிளாஸ்டிக்தான், வேறு ஒன்றும் இல்லை என்று எழுதிவிட்டீர்கள். சரி. உங்கள் சட்டத்தை மீறாமல் என் மனசுக்கு வேண்டியதைச் செய்துவிட்டுத்தான் வந்தேன். இனி தண்ணீரைப் பற்றி உங்களிடம் கேட்க மாட்டேன். பல நாள் கழித்து நேற்றுதான் கொஞ்சம் தூங்கினேன்.

ஜோஸ்பின்


14 அக்டோபர் 2025

ஜோஸ்பினுக்கு,

உன் போன கடிதத்தைப் படித்ததும், மாதாவிடம் அழுது தீர்த்துவிட்டு வந்தாய் போலிருக்கிறது என்று உன் அண்ணியிடம் சொன்னேன். எங்கள் இருவருக்கும் அன்று நிம்மதி. அந்த நிம்மதியோடு விட்டுவிடலாம் என்றுதான் பார்த்தேன். முடியவில்லை.

கல்லறைத் தோட்டத்தை ஒட்டிய தெருவில் மூன்று வீட்டில் காய்ச்சல். இரண்டு பேர் தேறிவிட்டார்கள். முதல் வீட்டு லூர்துமேரியின் சின்ன மகளை நேற்று தருமபுரி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள். ஆறு வயது. டெங்கு. அமலியோடு மண்ணில் சோறாக்கி விளையாடுமே, அந்தப் பிள்ளைதான்.

எங்கிருந்து வருகிறது என்று தெரியவில்லை ஜோஸ்பின். அந்தத் தெருவில் நான் பார்க்காத இடம் இல்லை. டிரம், ஆட்டுக்கல், பழைய டயர், பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, சன்ஷேடு என்று எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டேன். குழாயில் தினமும் தண்ணீர் வராத ஊரில் பிடித்து வைக்காதே என்று நான் எப்படிச் சொல்வது? மூடி வையுங்கள், வாரம் ஒரு தடவை தேய்த்துக் கழுவுங்கள் என்று கெஞ்சுகிறேன். அவர்களும் செய்கிறார்கள். அப்படியும் வருகிறது. மேலிடத்திலிருந்து வந்தவர்கள் என்னைத்தான் கேட்டார்கள். "கவுத்துக் கவுத்து என்னத்தக் கிழிச்ச?" என்று லூர்துமேரியின் புருஷன் நடுத்தெருவில் கேட்டார். கேட்கட்டும். அவருக்கு வேறு யாரைக் கேட்பது?

இப்போது நீ உட்கார்ந்துகொள். வீட்டுக்காரர் பக்கத்தில் இருந்தால் கூப்பிட்டு வைத்துக்கொள்.

ஜூன் மாதம் ஒரு ஞாயிறு வழக்கம்போல அமலி தம்ளரில் தண்ணீர் ஊற்றக் குனிந்தேன். உள்ளே புழு நெளிந்தது. கொசுப்புழு, அந்தக் கொசுவின் புழுதான். தினமும் அதைத்தான் பார்க்கிறேன், எனக்குத் தப்பாது.

அதை வளர்த்தது நான்தான். வாராவாரம் போய் மேலாக ஊற்றினேனே தவிர, பழைய தண்ணீரை ஒரு நாளும் கீழே கொட்டவில்லை. அவளுக்கென்று வைத்ததைத் தரையில் கொட்ட எனக்குக் கை வரவில்லை. ஊரில் உள்ள கொட்டாங்குச்சியை எல்லாம் கவிழ்த்தவன் அதை மட்டும் கவிழ்க்கவில்லை.

பிளாஸ்டிக் என்று சொன்னது பொய் இல்லை. போர்டு மார்ச்சிலேயே வைத்தாயிற்று, வளையத்தை எப்படியும் எடுத்திருப்பேன். ஆனால் தம்ளரை எடுத்தது அதற்காக இல்லை. எது உன் பெண்ணைக் கொண்டுபோனதோ, அது அவள் தம்ளரிலேயே வளர்ந்தது என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? நீ உயிரோடு இருக்க மாட்டாய் என்று பயந்தேன். அண்ணன் ஒரு சட்டம் பேசுகிற முரடன் என்று நினைத்துவிட்டுப் போகட்டும், அது தாங்கக்கூடியதுதான் என்று இருந்துவிட்டேன்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்றால், கல்லறைத் திருநாள் வருகிறது. நீ வருவாய். கூடவே ஏதாவது கொண்டு வருவாய். மெழுகுவத்தி ஏற்று, பூ போடு. தண்ணீர் மட்டும் வேண்டாம். இன்னொரு வீட்டில் இன்னொரு பிள்ளை தண்ணீர் கேட்டு அழுவதை என்னால் பார்க்க முடியாது.

உன்னைப் பாடாய்ப் படுத்திவிட்டேன். மன்னித்துவிடு.

ஆனந்த்


தருமபுரி
19 அக்டோபர் 2025

அண்ணா,

வெள்ளிக்கிழமை உங்கள் கடிதம் வந்தது. கம்பெனியில் சொல்லாமலே நேற்று பஸ் ஏறிவிட்டேன். உங்கள் வீட்டுக்கு வரவில்லை. நேராகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். ஏன் ஓடினேன் என்று இதைப் படித்தால் உங்களுக்குப் புரியும்.

மாதா திருநாளன்று நான் உங்கள் கண்ணில் படாமல் செய்ததைச் சொல்லிவிடுகிறேன். பிளாஸ்டிக்தான், வேறு ஒன்றும் இல்லை என்று எழுதினீர்களே, அதை நம்பி ஒரு எவர்சில்வர் தம்ளர் வாங்கினேன். பாத்திரக் கடையிலேயே அமலி என்று பேர் வெட்டச் சொன்னேன். ஆட்டுக்குப் பயந்து நீங்கள் போட்டிருந்த முள்ளை விலக்கி, சிலுவைக்குப் பின்னால், எதுவும் தட்டிவிடாத இடத்தில் மண்ணைப் பறித்துப் பதித்து வைத்தேன். தண்ணீரை வழிய வழிய ஊற்றினேன். முள்ளைத் திரும்ப இழுத்து மூடிவிட்டு வந்தேன். அதற்குப் பிறகுதான் கொஞ்சம் தூங்கினேன் என்று உங்களுக்கே எழுதினேன்.

நேற்று அந்த முள்ளை விலக்கிப் பார்த்தேன். மழைத் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. குனிந்தேன். நூல் நூலாகக் கறுப்பாய் மேலே தொங்கிக்கொண்டிருந்தன. என் நிழல் பட்டதும் எல்லாம் துடித்துக்கொண்டு அடிக்குப் போயின. கொஞ்ச நேரம் பொறுத்துத் திரும்ப மேலே வந்தன. என் பெண் தலைமாட்டில் அத்தனை உயிர் இருந்தது அண்ணா.

தூக்கித் தரையில் கொட்டினேன். எனக்குக் கை வந்தது.

அங்கிருந்து நிமிர்ந்தால் லூர்துமேரி அக்கா வீட்டு ஓடுதான் தெரிகிறது. அவ்வளவு பக்கம் என்று எனக்கு முன்னால் தெரியவே இல்லை. நான் எப்போதும் கல்லறையைப் பார்த்துத்தானே உட்கார்ந்திருப்பேன்.

ஆஸ்பத்திரிக்கு வந்தேன். இங்கே வராண்டாவில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். பிள்ளையின் முகம் உப்பியிருக்கிறது. இன்னும் இரண்டு நாள் தாண்டட்டும், பிறகுதான் சொல்ல முடியும் என்கிறார்கள். இதே வார்த்தையை நாம் முன்பே கேட்டிருக்கிறோம்.

என்னைப் பார்த்ததும் லூர்துமேரி அக்கா ஓடிவந்து கட்டிக்கொண்டார். "புள்ளயப் பறிகுடுத்தவ நீயி. ஆஸ்பத்திரிப் பக்கமே வரமாட்டேன்னு இருந்தவ, எம்புள்ளைக்காவ ஓசூர்லருந்து ஓடியாந்திருக்கிறியே. உன் மனசுக்கு நீ நல்லாருப்ப கண்ணு." ராத்திரி முழுக்கக் கண் மூடவில்லையாம். என் கையில் ஸ்பூனைக் கொடுத்துவிட்டு மூஞ்சி கழுவப் போனார். "தண்ணி கேட்டா அளந்துதான் குடுக்கணுமாம், உனக்குச் சொல்லணுமா" என்றார். பிள்ளை கேட்டாள். அளந்து கொடுத்தேன். இன்னும் என்றாள். நான் கொடுக்கவில்லை.

நீங்கள் ஜூனிலேயே சொல்லியிருந்தால் நான் செத்திருக்க மாட்டேன். அழுதிருப்பேன். உங்கள் சட்டையைப் பிடித்து அடித்திருப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து அண்ணி ஆக்கிய கோழிக்குழம்பைத் தின்றிருப்பேன். நீங்கள் சட்டத்தை மட்டும் என்னிடம் கொடுத்தீர்கள், காரணத்தைத் தம்ளரோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டீர்கள். நான் அந்தச் சட்டத்தை ஒழுங்காகக் காப்பாற்றினேன்.

உங்களைக் குற்றம் சொல்ல எழுதவில்லை. உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சொல்லியிருக்க மாட்டேன். இப்போது பாருங்கள், அக்காவிடம் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. என் தம்ளரில் இருந்துதான் வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டையும் வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் இருக்க வேண்டும்?

பிள்ளை எழுந்து நடக்கட்டும், அன்றே அக்காவிடம் சொல்லிவிடுகிறேன். நடக்காவிட்டாலும் சொல்வேன். நீங்கள் கூட வர வேண்டும்.

நடுத்தெருவில் கேட்ட அந்த மனிதரிடம் ஒன்றும் பதில் பேசாதீர்கள். எங்கிருந்து வருகிறது என்று இனி டார்ச் அடித்துத் தேடவும் வேண்டாம்.

உங்கள் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். இன்றைக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். இதைத் தபாலில் போடவில்லை, ஊர்ப் பக்கம் போகிற பஸ்ஸில் தெரிந்தவர் யாராவது இருந்தால் கொடுத்து அனுப்புகிறேன்.

தம்ளர் என் பக்கத்தில்தான் இருக்கிறது, பெஞ்சின் மேல். கவிழ்த்து வைத்திருக்கிறேன்.

ஜோஸ்பின்